போனில் "ஸ்டேஷனுக்கு வாங்க" என்றால் போயே ஆக வேண்டுமா?

கேள்வி: பட்டறைக்காரரின் அக்கா கணவர்

அனைவருக்கும் வணக்கம். என் மனைவியின் தம்பி, தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் அலுமினிய ஜன்னலும் கதவும் செய்து கொடுக்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறார். வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் 1,40,000 ரூபாய் முன்பணம் வாங்கி வேலையைத் தொடங்கினார். கொத்தனார் பின்னால் நிலைச்சட்டத்தை மாற்றி வைத்ததால் ஜன்னல்கள் அளவுக்குப் பொருந்தவில்லை. யார் செலவில் திருத்துவது என்பதில் தகராறு முற்றியது. வீட்டுக்காரர் காவல் நிலையத்தில் மனு கொடுத்துவிட்டார்.

ஒரு நாள் மாலை தெரியாத கைபேசி எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "ஐயா பாக்கணும்னு சொல்றாரு, ஒரு பத்து நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்றார்கள். ஆறு மணிக்குப் போனவரை இரவு பதினொரு மணி வரை எழுத்தர் அறைக்கு வெளியே மரப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கைபேசியைப் பாரா காவலர் வாங்கி வைத்துக்கொண்டார். யாரும் அடிக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கடைசியில், முழுத் தொகையையும் மூன்று மாதத்துக்குள் திருப்பித் தருவதாக ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே வெளியே விட்டார்கள். மறுநாள் என் மனைவி போய் மனு ரசீது கேட்டதற்கு, "வழக்கே இல்லை, அப்புறம் எதற்கு ரசீது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

காவல் துறையின் அதிகாரத்துக்கு நீதிமன்றங்கள் எல்லை வகுத்திருக்கின்றன என்று அடிக்கடி படிக்கிறோம். அந்த எல்லை இந்தப் பெஞ்சு வரைக்கும் வருகிறதா, அல்லது கைது செய்த பிறகுதான் தொடங்குகிறதா? மறுபடியும் போனில் கூப்பிட்டால் அவர் போக வேண்டுமா? எழுதிக் கொடுத்த அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு?

பதில்: மதுரைக் கிளை வழக்குரைஞர்

ஐயா, உங்கள் கேள்வியின் நடுவில் இருப்பது, சட்டத்தில் சரியான பெயரே இல்லாத ஒரு நிலை. முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டால் அதற்குப் பிறகு நடப்பது புலன்விசாரணை. அதற்கு அதிகாரமும் உண்டு, அதே அளவுக்கு வரம்பும் உண்டு. வெறும் மனுவை வைத்துக்கொண்டு ஊழியர்கள் "என்கொயரி" என்று அழைப்பது அதற்கு முந்தைய நிலை. மக்கள் அதிகமாக அலைக்கழிக்கப்படுவது இங்கேதான், தாளில் எதுவும் பதிவாகாததும் இங்கேதான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது என் அனுபவம்.

முதலில் அழைப்பைப் பற்றிச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160), புலன்விசாரணை நடத்தும் அதிகாரி எழுத்து மூலமான ஆணையால் ஒருவரை வரவழைக்கலாம் என்கிறது. அந்த நபர் அந்த நிலையத்தின் எல்லைக்குள்ளோ பக்கத்து நிலையத்தின் எல்லைக்குள்ளோ இருப்பவராக இருக்க வேண்டும். பெண்கள், 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தை விட்டு வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது. கைபேசி அழைப்புக்கு இந்தப் பிரிவில் இடமே இல்லை.

இந்த விதியை மீறியதற்காக ஒரு மாநிலக் காவல் துறையே உச்ச நீதிமன்றத்தில் கண்டிக்கப்பட்டிருக்கிறது. ஒடிசாவின் முதலமைச்சராக இருந்த நந்தினி சத்பதியை 1977-இல் கட்டாக்கில் இருந்த லஞ்ச ஒழிப்புக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து, நீண்ட கேள்விப் பட்டியல் ஒன்றை எழுத்தில் கொடுத்தார்கள். அவர் பதில் சொல்ல மறுத்தார். மறுத்ததற்காக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1978-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது என்ற அரசியல் சட்டத்தின் 20(3) உறுப்பு, நீதிமன்றக் கூண்டில் ஏறிய பிறகுதான் பாதுகாக்கும் என்பதில்லை, காவல் நிலைய விசாரணையிலேயே தொடங்கிவிடுகிறது என்று சொன்னது. ஒரு பெண்ணை நிலையத்துக்கு வரவழைத்ததே சட்டமீறல் என்றும் குறிப்பிட்டது. ஒரு முன்னாள் முதலமைச்சருக்குத் தேவைப்பட்ட பாதுகாப்பு ஜன்னல் பட்டறைக்காரருக்குத் தேவைப்படாதா என்ன?

இரண்டாவது, வழக்குப் பதியாமல் விசாரிக்கலாமா என்பது. 2013 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு வழங்கிய லலிதா குமாரி தீர்ப்பின்படி, கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கையைப் பதிந்தே ஆக வேண்டும். குடும்பத் தகராறு, வணிகப் பிணக்கு, மருத்துவக் கவனக்குறைவு, ஊழல், மிகத் தாமதமாக வரும் புகார் போன்றவற்றில் மட்டும் முன்கட்ட விசாரணை செய்யலாம். அதற்கு முதலில் ஏழு நாள் என்று விதித்த கெடுவைப் பிறகு பொதுவாகப் பதினைந்து நாள் என்று மாற்றினார்கள். உங்கள் மைத்துனரின் விவகாரம் வணிகப் பிணக்கு; ஆகவே மனுவை விசாரிப்பது தவறில்லை. ஆனால் அந்த விசாரணையின் நோக்கம், குற்றம் நடந்ததாகத் தெரிகிறதா என்று பார்ப்பது மட்டுமே. பணத்தை வசூலித்துக் கொடுக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் காவல் நிலையத்துக்கு இல்லை. அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை.

மூன்றாவதாக, நம் உயர் நீதிமன்றத்தில் தனி வகையாகவே வளர்ந்துவிட்ட ஒரு மனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வழக்குரைஞர்கள் இதை "நாட் டு ஹராஸ்" மனு என்பார்கள். விசாரணை என்ற பெயரில் துன்புறுத்தக் கூடாது என்று காவல் துறைக்கு உத்தரவிடக் கோருவது. இவை மலை போலக் குவிந்ததால், நீதிமன்றம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த நெறிமுறைகளைத் தருகிறது: நாளும் நேரமும் குறிப்பிட்டு எழுத்து மூலம் அழைக்க வேண்டும், விசாரணையில் நடந்ததை நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிய வேண்டும், வரவழைத்தவரைத் துன்புறுத்தக் கூடாது, லலிதா குமாரி வழிகாட்டுதல்களை மீறக் கூடாது. ஆகவே நீங்கள் கேட்ட எல்லை அந்தப் பெஞ்சு வரைக்கும் வருகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய் வாங்கிவர வேண்டியிருக்கிறது என்பதுதான் இதிலுள்ள அவலம்.

வெள்ளைத்தாளைப் பொறுத்தவரை, அது பணம் தருவதாகச் சொல்லும் உறுதிமொழி. ஐந்து மணி நேரம் உட்கார வைத்து, கைபேசியையும் வாங்கி வைத்துக்கொண்டு பெற்ற சம்மதம் கட்டாயத்தால் பெறப்பட்டது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி மறுக்க இடமுண்டு. ஆனால் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு மறுத்தால் எவரும் நம்ப மாட்டார்கள். இந்த வாரமே, நடந்ததைத் தேதியும் நேரமும் குறிப்பிட்டு எழுதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை மோசடி என்று வழக்கே பதிந்தாலும், அதற்கு உரிய தண்டனை அதிகபட்சம் ஏழாண்டு. அர்னேஷ் குமார் வழக்கில் 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது. கைது ஏன் தேவை என்பதை அதிகாரி எழுதிக் காட்ட வேண்டும். தேவையில்லை என்றால் முன்னிலையாகும்படி அறிவிப்பு அனுப்ப வேண்டும். இதை மீறும் அதிகாரிமீது துறை நடவடிக்கையும் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையும் வரும் என்றும், காரணத்தைப் பதியாமல் காவலில் வைக்க ஒப்புதல் தரும் மாஜிஸ்திரேட்மீது உயர் நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் சத்தேந்தர் குமார் அன்டில் வழக்கில் தெளிவுபடுத்திவிட்டார்கள்.

பதில்: ஓய்வு பெற்ற தலைமைக் காவலர்

வழக்குரைஞர் ஐயா சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. அந்தப் பெஞ்சின் மறுபக்கத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மனு கொடுத்தவருக்கு வேண்டியது பணம். வழக்குப் பதிந்து அவர் கையில் நகலைக் கொடுத்தால் அவர் மகிழ மாட்டார். "கூப்பிட்டுப் பேசி வாங்கிக் கொடுங்க சார்" என்றுதான் கேட்பார். வாங்கிக் கொடுக்காவிட்டால் அடுத்த வாரம் எஸ்.பி. அலுவலக மனு மேளாவில், நிலையத்தில் நடவடிக்கை இல்லை என்று எங்கள்மீதே மனு வரும். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சொன்னால், எதிர்த்தரப்பிடம் பணம் வாங்கிவிட்டதாகப் பேச்சு எழும். இது செய்ததற்கு நியாயம் ஆகாது. ஆனால் அந்தப் பெஞ்சில் ஒருவரை உட்கார வைக்கும் அழுத்தம் நிலையத்துக்குள்ளே மட்டும் பிறப்பதில்லை என்பதை நம் மக்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தீர்ப்புகள் எதையும் மாற்றவில்லை என்று சிலர் எழுதுவார்கள், அது தவறு. நான் பணியில் சேர்ந்த காலத்தில் ஒருவரைக் கைது செய்தால் அவர் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது எங்கள் விருப்பம். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினோரு கட்டளைகளைப் பிறப்பித்த பிறகு, கைதுக் குறிப்பாணை, அதில் குடும்பத்தார் அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து, உறவினருக்குத் தகவல், காவலில் இருக்கையில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாக வந்தன. அந்தக் கட்டளைகளைப் பெயர்த்தெழுதிய பலகை ஒன்று எங்கள் நிலையச் சுவரிலும் தொங்கியது. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவர், காவல் மரணச் செய்திகளைப் படித்துவிட்டு 1986-இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்து வந்தது அந்தப் பலகை என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரியும்.

அதே நேரத்தில் காகிதம் எப்படிப் பழகிப்போகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். அர்னேஷ் குமார் தீர்ப்புக்குப் பிறகு, கைதுக்கான காரணங்களை டிக் செய்யும் பட்டியல் ஒன்று வந்தது. தொடக்கத்தில் ஆய்வாளர் ஒவ்வொன்றையும் படித்துக் குறிப்பார். ஓராண்டுக்குள், எல்லாக் கட்டத்திலும் டிக் போட்ட ஒரு தாளை எழுத்தர் ஜெராக்ஸ் எடுத்துக் கட்டாக வைத்துக்கொண்டார். பெயரையும் குற்ற எண்ணையும் மட்டும் நிரப்புவோம். "சாட்சிகளைக் கலைத்துவிடுவார்" என்ற காரணம் சைக்கிள் திருடனுக்கும் உண்டு, சீட்டாடியவருக்கும் உண்டு.

எங்களை உண்மையில் கட்டுப்படுத்தியவர் ஒரு மாஜிஸ்திரேட். ரிமாண்டுக்கு, அதாவது சிறைக் காவலில் வைக்க ஒப்புதல் கேட்டு, யாரைக் கொண்டுபோனாலும், எங்களை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அந்த ஆளிடம் பேசுவார். சட்டையைக் கழற்றச் சொல்வார், உள்ளங்காலைக் காட்டச் சொல்வார், எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்று கேட்டு எங்கள் தாளில் உள்ள நேரத்தோடு ஒப்பிடுவார். இரண்டு முறை ரிமாண்டை மறுத்தார். அவர் அந்த ஊரில் இருந்தவரை எங்கள் நிலையத்தில் லத்தி சுவரோடு சாய்ந்தே இருந்தது. அவர் மாறிப்போன பிறகு என்ன ஆயிற்று என்று எழுத வேண்டுமா?

பதில்: சட்டக் கல்லூரி மாணவி

மேலே உள்ள இரண்டு பதில்களிலும் நீதிமன்றம் காவல் துறையை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பது மட்டும் வந்திருக்கிறது. அதே நீதிமன்றங்கள் அந்த அதிகாரத்துக்கு எப்படி இடம் கொடுத்தன என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் படம் முழுமையாகாது.

பூரண்மல் வழக்கு வருமான வரிச் சோதனை தொடர்பானது. அதில் 1973-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சட்டத்துக்குப் புறம்பான சோதனையில் கிடைத்த பொருளாக இருந்தாலும் அது வழக்குக்குத் தொடர்புடையது என்றால் சான்றாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. அது இன்றும் நம் நாட்டின் பொது நிலைப்பாடாகத் தொடர்கிறது. வாரண்ட் இல்லாமல் வீட்டில் நுழைந்தாலும் எடுத்த பொருள் நீதிமன்றத்தில் செல்லும் என்றால், நுழையாமல் இருக்க அதிகாரிக்கு என்ன காரணம் இருக்கிறது? காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது ஆங்கிலேயர் காலத்துச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் அந்த வாக்குமூலத்தின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும் என்ற விதிவிலக்கும் கூடவே இருக்கிறது. "அரிவாளை மறைத்து வைத்த இடத்தைக் காட்டுகிறேன்" என்ற வாசகம் ஏன் எல்லாக் கொலை வழக்குக் கட்டிலும் இருக்கிறது என்பதற்கு விடை அதுதான். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவான அது, புதிய சட்டத்தில் 23-ஆம் பிரிவில் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று நேரம். 1982-ஆம் ஆண்டு குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ், வழக்கு விசாரணை இல்லாமலேயே ஓராண்டு வரை ஒருவரைச் சிறையில் வைக்கலாம். அடைத்து வைத்தவரை விடுவிக்கக் கோரும் ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் இத்தகைய ஆணைகள் பலவற்றை ரத்து செய்கிறது. கொடுத்த நகலில் எழுத்து தெளிவாக இல்லை, தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதமானது என்பன வழக்கமான காரணங்கள். ஆனால் தீர்ப்பு வருவதற்குள் பல மாதங்கள் ஓடியிருக்கும். அந்த மாதங்களை எந்த அமர்வும் திருப்பித் தர முடியாது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நன்னடத்தைப் பிணைப்பத்திரத்தை மீறியதற்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் செயல்முறை மாஜிஸ்திரேட் அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களிடம் ஒப்படைத்த அரசாணைகளை ரத்து செய்தது. பிடிப்பவரும் தண்டிப்பவரும் ஒரே துறையாக இருக்கலாமா என்ற கேள்விக்குக் கிடைத்த நல்ல விடை அது. எனினும் அந்த ஆணைகள் பிறந்து பத்தாண்டு நெருங்கிய பிறகே அது வந்தது.

சாத்தான்குளத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2020 ஜூனில் ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் நீதிமன்றக் காவலில் அடுத்தடுத்து இறந்தார்கள். டி.கே. பாசு கட்டளைகள் அப்போது ஏறத்தாழ 24 வயது நிரம்பியவை. அவர்களை மாஜிஸ்திரேட் அருகில் வைத்துப் பார்க்காமலேயே ரிமாண்ட் செய்தார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. தலைமைக் காவலர் ஐயா சொன்ன மாஜிஸ்திரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்து, விசாரிக்க ஒரு நீதித்துறை நடுவரை நிலையத்துக்கே அனுப்பியது. அங்கே கேமராக்கள் இருந்தன, பதிவு நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஊழியர்கள் ஒத்துழைக்கவில்லை என்று அவர் அறிக்கை அனுப்பியதும், அந்த நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு பெண் தலைமைக் காவலர் தான் கண்டதைச் சொல்ல முன்வந்திராவிட்டால் வழக்கு எங்கே போயிருக்கும் என்று தெரியாது.

அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் நுழைவாயில், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை என எந்த இடமும் விடுபடாமல், ஒலியும் பதிவாகும் கேமராக்களை வைக்க வேண்டும் என்றும், பதிவை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஆனாலும் "கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது" என்ற செய்தியும் மாவுக்கட்டுப் புகைப்படமும் வருவது நிற்கவில்லை. அவற்றைப் பார்த்துச் சிரித்துப் பகிர்கிறவர்களும் நாம்தான்.

கேள்வி கேட்டவருக்கு இதிலிருந்து ஒரு பயன் உண்டு. உங்கள் மைத்துனர் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்த தாழ்வாரத்தில் கேமரா இருந்திருக்க வேண்டும். பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

பதில்: மதுரைக் கிளை வழக்குரைஞர்

மாணவி எழுதியதில் எனக்கு உடன்பாடுதான், ஒரு திருத்தத்தோடு. தீர்ப்புகள் தாமதமாக வருகின்றன என்பது உண்மை. ஆனால் ஒருமுறை வந்த பிறகு அவை அடுத்த வழக்கில் கையில் எடுக்கும் ஆயுதமாகின்றன. கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது 2023-இல் பங்கஜ் பன்சால் வழக்கில் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்கு மட்டும் சொல்லப்பட்டது. 2024-இல் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் அது உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்கும் நீண்டது. 2025 நவம்பரில் எல்லாக் குற்றங்களுக்கும் பொருந்தும் என்றும், கைதானவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்றும், உடனே தர இயலாவிட்டால் ரிமாண்டுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்றும் ஆனது. இரண்டு மணி நேரம் என்பது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நீதிமன்ற வராந்தாவில் நின்றபடி இரண்டே நிமிடத்தில் கட்டைப் புரட்டிவிட்டு ரிமாண்டை எதிர்த்து வாதாடிய எவருக்கும் அதன் அருமை தெரியும்.

தலைமைக் காவலர் ஐயா சொன்ன ஜெராக்ஸ் கட்டையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஜாமீன் மனுவில், வெவ்வேறு வழக்குகளின் மூன்று பட்டியல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் காட்டினேன். டிக்குகள் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அன்று ஜாமீன் கிடைத்தது. பொய்யாக எழுதிய தாளும் ஒருநாள் பேசும். எழுதாமல் விட்ட இரவைப் பற்றி வாதாடுவதுதான் கடினம்.

கேள்வி கேட்டவரின் பின்குறிப்பு

அனைவருக்கும் நன்றி. சொன்னபடி கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்பினோம். கேமராப் பதிவைப் பாதுகாக்கும்படி தனியாக ஒரு விண்ணப்பமும் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் நிலையத்திலிருந்து ஒரு காவலர் வீட்டுக்கே வந்து, வியாழக்கிழமை காலை 11 மணிக்கு வரும்படி எழுதிய அறிவிப்பையும் மனு ரசீதின் நகலையும் கொடுத்துவிட்டுப் போனார். மரியாதையாகத்தான் பேசினார், என் மாமியார் கொடுத்த மோரையும் குடித்தார்.

ரசீதை இரண்டு முறை படித்துப் பார்த்தோம். மனு பெறப்பட்ட நாள் என்று அதில் போட்டிருப்பது, என் மைத்துனரை அந்தப் பெஞ்சில் உட்கார வைத்திருந்த இரவுக்கு நான்கு நாள் பிந்திய தேதி. வியாழக்கிழமை அவரோடு நானும் ஒரு வழக்குரைஞரும் போகிறோம். ரசீதின் நகலை மூன்று எடுத்து வைத்திருக்கிறேன்.